சம்பா அரிசி பொங்கும் வீட்டில் எந்த அடுப்புக்குச் செலவு குறைவு?

கேட்டவர் குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம். வீட்டில் நான்கு பேர், தினமும் சம்பா அரிசிச் சோறு, ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிறது. இண்டக்‌ஷன், கரண்ட் குக்கர், விறகு அடுப்பு இவற்றில் எதற்கு மாறினால் மிச்சம் என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் குலசேகரம் பக்கம். எங்கள் வீட்டிலும் நான்கு பேர், அதே சிவப்பு அரிசி. போன வருடம் இதை நானே அளந்து பார்த்தேன். அதனால் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கரண்ட் பில்லைப் பாருங்கள். இண்டக்‌ஷன் லாபமா நஷ்டமா என்பதை அந்தப் பில்தான் முடிவு செய்கிறது.

கணக்கு இப்படி. சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அதில் உள்ள வெப்பத்தைக் கரண்ட் கணக்கில் சொன்னால் 180 யூனிட் அளவுக்கு வரும். ஆனால் அவ்வளவும் பாத்திரத்துக்குள் போகாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பு சோதனையில் குறைந்தது 68 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் பர்னர் அழுக்காகி, ஜன்னல் காற்றும் அடித்து, அறுபது கிடைத்தாலே நல்லது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடிப்பகுதியே சூடாவதால் 85 சதவீதம் வரை உள்ளே போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் ஏறத்தாழ 128 யூனிட்டில் செய்துவிடும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் ஆகிறது. இந்த ஏழு ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கூடுதலாக ஓடும் கரண்ட் யூனிட்டுக்கு இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் இண்டக்‌ஷன் லாபம், கூடுதலாகக் கொடுத்தால் நஷ்டம்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 400 யூனிட் வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் 500 வரை ஏறத்தாழ ஆறரை ரூபாய். 500 தாண்டினால் எட்டரை, 600 தாண்டினால் ஒன்பதரைக்கும் மேல். அதோடு 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் போய்விடும். அந்த வகையில் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் கூடுகிறது.

உங்கள் சமையல் முழுவதும் இண்டக்‌ஷனுக்குப் போனால் இரண்டு மாதத்தில் 170 யூனிட் கூடும். இப்போது 300 யூனிட் ஓடுகிற வீடு என்றால் 470-இல் நிற்கும். கூடுதல் செலவு 900 சொச்சம். அதே இரண்டு மாத கேஸுக்கு 1,200 ரூபாய் ஆகும். லாபம்தான். நாகர்கோவிலில் என் மைனி (அண்ணி) வீட்டில் ஏசி, மோட்டார் எல்லாம் சேர்த்து ஏற்கெனவே 420 ஓடுகிறது. அவர்கள் மாறினால் 590 ஆகிவிடும். கூடுதல் செலவு 1,500 ரூபாய். மைனி இண்டக்‌ஷன் வாங்கி வைத்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன், "மைனி, காலையில் காப்பிக்கும் பாலுக்கும் மட்டும் வைங்க, சோற்றை கேஸிலேயே பொங்குங்க." அப்படித்தான் செய்கிறார்.

அப்புறம் சம்பா அரிசி. நம் வீடுகளில் கேஸை அதிகம் தின்பது இதுதான். என் அண்ணன் ரப்பர் ஷீட் எடை போட வைத்திருக்கும் தொங்கு தராசை வாங்கி வந்து, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சமைப்பதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டேன். ஒரு வாரம் இப்படிப் பார்த்தேன். அரைக் கிலோ அரிசி, மூன்று லிட்டர் தண்ணீர், மூடாத பானை, முக்கால் மணி நேரம் தளதளவென்று கொதி: சராசரி 120 கிராம் கேஸ். பானையைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தண்ணீர் ஒரு லிட்டர் குறைந்திருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதே தண்ணீரை ஆவியாக்கி விரட்டுவதற்கு. நம் காசு சோற்றுக்குப் போகவில்லை, அடுக்களை ஜன்னல் வழியாக வெளியே போகிறது. கொதி வந்துவிட்டால் தீ எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. அரிசி சீக்கிரம் வேகாது.

அதனால் தெர்மல் குக்கர் வாங்கினோம். வெப்பம் வெளியே போகாத பெரிய டப்பா, அவ்வளவுதான். அரிசி போட்டு, கொதி வந்து பத்து நிமிடம் அடுப்பில் வைத்து, பானையை அப்படியே டப்பாவுக்குள் இறக்கி மூடிவிடுவது. ஒன்றே கால் மணி நேரம் கழித்து எடுத்தால் சோறு பதமாக வெந்திருக்கும்; வடித்தால் போதும். எடை போட்டதில் 58 கிராம். ஏறத்தாழ பாதி. மாதம் ஏறத்தாழ இரண்டு கிலோ கேஸ் மிச்சம், காசாகச் சொன்னால் 120 ரூபாய் அளவுக்கு. அம்மைக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. மூன்றாம் நாள் ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "வெந்துட்டுல்லா" என்றார். இப்போது என்னைத் தொடவே விடுவதில்லை. எந்த அடுப்பு வைத்திருந்தாலும் இதை வாங்குங்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

கரண்ட் குக்கர் வெள்ளை அரிசிக்கு நல்லது. அரைக் கிலோவுக்கு 0.3 யூனிட் போதும். சோறு ஆன பிறகு சுவிட்சை அணையுங்கள், சூடாக வைத்திருக்கும் நிலையில் ஆறு மணி நேரம் விட்டால் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட் மறுபடி போகும். மைக்ரோவேவ் ஆறிய கறியைச் சூடாக்க மட்டும்.

விறகு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பலர் அதை இலவசம் என்று நினைக்கிறோம். சாதாரண விறகு அடுப்பில் எட்டில் ஒரு பங்கு வெப்பம் பானைக்குக் கிடைத்தால் பெரிது. ஒரு கிலோ ரப்பர் விறகு செய்கிற வேலையை 65 கிராம் கேஸ் செய்துவிடும், அதற்கு நான்கு ரூபாய். கிலோ நான்கு ரூபாய்க்கு மேல் கொடுத்து விறகு வாங்கினால் கேஸ்தான் மலிவு. சொந்தத் தோப்பில் விழும் மட்டை, கொதும்பு, சிரட்டை என்றால் அந்தக் கணக்கு வேறு; குளிக்க வெந்நீர் போட, முற்றத்து அடுப்பில் தாராளமாக எரியுங்கள். அடுக்களைக்குள் மட்டும் வேண்டாம். அம்மை நாற்பது வருடம் அந்தப் புகையில் நின்றவர். கண் எரிச்சலும் இருமலும் எந்தப் பில்லிலும் வராது, ஆனால் கொடுத்தது அவர்தான்.

மாறுவதாக முடிவு செய்தால் இரண்டு விஷயம். மண்சட்டியும் அலுமினியமும் இண்டக்‌ஷனில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் ஆகும். மீன் கறிக்கு மண்சட்டி வேண்டும் என்கிற வீட்டில் கேஸ் அடுப்பு எப்படியும் இருக்கும். இன்னொன்று, 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான் அவசரத்தில் அதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் ஓடிப்போய் அணைத்தேன். தனி வயர் இழுத்து 15 ஆம்பியர் பிளக் போடுங்கள்.

கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ரப்பர் மரங்கள் கம்பங்களோடு சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து எங்கள் கேஸ் அடுப்பில்தான் கஞ்சி வைத்தோம்.