கோரையை ஒரேயடியாக வழிக்க விடாதீர்கள்

தூர்வாரும் சாக்கில் உங்கள் ஊர் ஏரியின் சம்பங்கோரை முழுவதையும் பொக்லைன் வைத்து எடுக்கப்போகிறார்கள். உள்ளே பறவைகள் கத்துகின்றன, ஆனால் கண்ணில் படாததால் யாரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

கண்ணில் படவே வேண்டாம், குரல் போதும். இங்கிலாந்தில் பெருங்குருகை (நாணலுக்குள் மறைந்து வாழும் கொக்கினப் பறவை) அப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்: நாணலுக்குள் முழங்கும் ஆண் பறவைகளைக் காதால் எண்ணுவார்கள். 1997இல் 11 மட்டுமே முழங்கின. இன்று 200க்கும் மேல். அங்கே நாணல்காடு மண்ணேறி, உலர்ந்து, புதராகிக்கொண்டிருந்தது. பல இடங்களில் தரையை வெட்டித் தாழ்த்தி, வாய்க்கால் தோண்டி, நீர் நிற்கச் செய்தார்கள். ஆகவே 'ஒரு கோரையையும் தொடாதே' என்ற உங்கள் நிலையும் எனக்குச் சரியாகப் படவில்லை. குருகு இரை தேடுவது கோரையும் நீரும் சந்திக்கும் விளிம்பில். அந்த விளிம்பு வளைந்து நெளிந்து நீளமாக இருக்க வேண்டும்.

ஆகாயத்தாமரையைத் தாராளமாக அள்ளட்டும். கோரையை மட்டும் ஆண்டுக்கொரு பகுதியாக, கோடையில் எடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கானாங்கோழி கூடு கட்டியிருக்கும்.

விடியலிலும் அந்தியிலும் கைபேசியில் குரலைப் பதிவுசெய்து, தேதியும் இடமும் குறித்து இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிபரப்ப வேண்டாம். கூட்டை விட்டு எழுந்து வந்துவிடும். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவென்றால் ஏரி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரிதென்றால் நீர்வளத்துறை. மனுவோடு அந்தப் பதிவுகளையும் இணைத்துக் கொடுங்கள்.