அப்பச்சிக்கு இதய ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. முகப்புப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இ.சி.ஜி. சரியாக இருந்தும் தாலியம் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.
- வாசகி, தேவகோட்டை

பதில்: தயங்காமல் எடுங்கள், ஆச்சி. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் அடைப்பு இருக்கலாம். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. அதைக் காட்டாமலும் போகும். இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க, லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுப்பதுதான் இந்த ஸ்கேன். பெயர்தான் தாலியம், இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். அதன் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

டிரெட்மில்லில் நடந்தபின் ஒரு படம், ஓய்வில் ஒரு படம். நடந்தபோது மட்டும் ஓரிடம் மங்கினால் அங்கே ரத்தம் போதவில்லை. இரண்டிலும் மங்கினால் பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். படம் சுத்தமாக வந்தால் அடுத்த ஓராண்டில் மாரடைப்பு வருவது பொதுவாக 100-ல் ஒருவருக்கும் குறைவு. சர்க்கரை இருந்தால் சற்றுக் கூடும்.

முந்தின நாளிலிருந்தே காபி, டீ கூடாது. அப்பச்சி கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.