விளைமீனா, தொராத்தா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாரிஸ் மீன் கடைகளில் வெள்ளி நிறத்தில் மூன்று நான்கு வகை மீன்களுக்கு ‘தொராத்’ என்றே பெயர் எழுதி வைக்கிறார்கள். விலை மட்டும் ஆளுக்கொரு விதம். ‘தொராத் ருவாயால்’ என்பது இவற்றில் எது?
– வாசகி, பாரிஸ்

லண்டன் கடைகளில் ‘சீ பிரீம்’ என்று விற்பதும் பெரும்பாலும் இந்தத் தொராத் ருவாயால்தான். அறிவியல் பெயர் ஸ்பாரஸ் அவுராட்டா; 1758-ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்தது. மத்தியதரைக் கடல் முழுவதும் உண்டு. அட்லாண்டிக்கில் பிரிட்டன் முதல் செனெகல் வரையுள்ள கரையோரத்திலும் கிடைக்கும்.

முதலில் நெற்றியைப் பாருங்கள். இரு கண்களுக்கும் நடுவே பொன்னிறப் பட்டை இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐஸில் கிடக்கக் கிடக்க அந்தப் பொன் மங்கிவிடும். குஞ்சு மீன்களில் முதலிலேயே தெளிவாக இராது. அடுத்து, செவுள் மூடியின் மேல் மூலையைப் பாருங்கள். உடலின் பக்கவாட்டுக்கோடு தொடங்கும் அந்த இடத்தில் பெரிய கரும்படலம் ஒன்று செவுள் மூடியின் மேலும் ஏறி நிற்கும். அதற்குக் கீழே மூடியின் விளிம்பில் செம்மை படர்ந்திருக்கும். முதுகுத் துடுப்பில் நீளவாட்டில் ஒரு கருங்கோடு. வாலின் கவட்டை விளிம்பும் கறுப்பு.

இன்னும் ஐயம் இருந்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிறம் ஏமாற்றும், பல் ஏமாற்றாது. இரு தாடையிலும் முன்பக்கம் 4 முதல் 6 கூரிய கோரைப்பற்கள். பின்னால் போகப் போக உருண்டையான கடைவாய்ப்பற்கள், 2 முதல் 4 வரிசையாக. மட்டியையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும் மீன் இது. சிப்பி வளர்ப்போருக்கு இதைக் கண்டால் ஆகாது.

பக்கத்தில் கிடக்கும் மற்றவற்றைப் பிரிக்கவும் பல்தான் கைகொடுக்கும். ‘தொராத் க்ரீஸ்’ என்ற சாம்பல் மீனுக்குக் கடைவாய்ப்பற்களே இல்லை. மெல்லிய கூர்பற்கள் பல வரிசையாக நெருங்கி இருக்கும். ‘சார்’ என்று விற்கும் மீனுக்கு முன்னால் வெட்டுப்பற்கள் தட்டையாக நிற்கும். வால் தொடங்கும் இடத்தில் கறுப்புப் பட்டையும் உண்டு. அதிகம் குழப்புவது ‘தொராத் ரோஸ்’. அதற்கும் தோளில் கரும்புள்ளி உண்டு. ஆனால் உடல் இளஞ்சிவப்பு, கண் மிகப் பெரிது, முதுகுத் துடுப்பில் முட்கள் 12 அல்லது 13. நம் மீனுக்கு முள் 11.

கேள்வி: வளர்ப்பு மீனா, கடலில் பிடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து ஊகிப்பதற்கு முன் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மீனின் வணிகப் பெயர், அறிவியல் பெயர், வளர்த்ததா பிடித்ததா, எங்கிருந்து வந்தது என்பவற்றை விற்பவர் தெரிவிக்க வேண்டும். பிரெஞ்சுச் சீட்டில் ‘எல்வே’ என்றிருந்தால் வளர்ப்பு. பக்கத்தில் கிரேக்கம், துருக்கி, ஸ்பெயின் என்று நாட்டின் பெயர் வரும். ‘பெஷே’ என்றால் பிடித்தது. அதோடு மீன்பிடிப் பகுதியும் குறிக்கப்படும். மத்தியதரைக் கடலின் பகுதி எண் 37, வடகிழக்கு அட்லாண்டிக்குக்கு 27.

சீட்டு இல்லாவிட்டால் தட்டிலுள்ள மீன்களை மொத்தமாகப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் 300 முதல் 500 கிராம் வரை இருந்தால் கூண்டில் வளர்த்த மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துடுப்பின் ஓரம் தேய்ந்திருக்கும். வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு திரண்டிருக்கும். இதனால் வளர்ப்பு மீன் தாழ்ந்தது என்று ஆகிவிடாது. கொழுப்பு இருப்பதால் சுடுவதற்கு அது நன்றாகவே இருக்கும்.

கேள்வி: இந்த மீனில் ஒரு தடவைகூடச் சினை கிடைக்கவில்லையே?

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. இந்த மீன் முதலில் ஆணாக முதிர்கிறது. பிறகு பெண்ணாக மாறுகிறது. ஒன்று இரண்டு வயதில், 20–30 சென்டிமீட்டரில் ஆண். இரண்டு மூன்று வயதுக்கு மேல், 33–40 சென்டிமீட்டரில் பெண்ணாகும். கடைக்கு வரும் தட்டளவு மீன் அந்த மாற்றத்துக்கு முன்பே அறுவடையாகிவிடுகிறது. ‘தொராத் க்ரீஸ்’ இதற்கு நேர்மாறு: முதலில் பெண், பிறகு ஆண்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாங்கும் விளைமீன்தான் இது என்கிறார் என் மாமா. சரியா?

உருவம் ஒத்திருப்பதால் மாமா அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் விளைமீன் வேறு குடும்பம். இரண்டு சோதனைகள் போதும். கண்ணுக்குக் கீழே கன்னத்தை விரலால் தடவுங்கள். விளைமீனின் கன்னத்தில் செதில் இராது. தொராத்தின் கன்னத்தில் செதில் உண்டு. பிறகு துடுப்பை விரித்து எண்ணுங்கள். விளைமீனுக்கு முதுகில் 10 முள்ளும் 9 மென்கதிரும் (நுனி கிளைத்த துடுப்புத் தண்டு). வயிற்றுக்குப் பின்னால் உள்ள குதத் துடுப்பில் 3 முள்ளும் 8 கதிரும். தொராத்துக்கு முதுகில் 11 முள், 13 அல்லது 14 கதிர். குதத் துடுப்பில் 3 முள், 11 அல்லது 12 கதிர். சென்னையில் சங்கரா என்று விற்கும் நீளத்துடுப்பு இளஞ்சிவப்பு மீனும் தொராத் குடும்பம் இல்லை. அதன் குதத் துடுப்பில் கதிர்கள் 7 மட்டுமே.

கேள்வி: கடலியல் படிக்கிறேன். தொராத் குடும்ப மீன் ஒன்றை ஆய்வகத்தில் விவரிக்க வேண்டும். துடுப்பு முள், கதிர் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறுகிறது. எங்கே பிழை?
– மாணவர், தூத்துக்குடி

பெரும்பாலும் துடுப்பின் கடைசிக் கதிரில்தான். அது அடியிலேயே இரண்டாகப் பிளந்து இரு கதிர் போலத் தெரியும். அடி ஒன்றாக இருந்தால் ஒன்று என்றே எண்ண வேண்டும். அடுத்த பிழை, முள்ளையும் கதிரையும் குழப்புவது. முள் ஒற்றைத் தண்டு, கணுவில்லாதது. மென்கதிரில் குறுக்குக் கணுக்கள் தெரியும், நுனி கிளைக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படி துடுப்பைத் தூக்கிப் பிடித்து எண்ணுங்கள். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது வழக்கம்.

நிறத்தை மீன் புதிதாக இருக்கும்போதே குறித்து, தலை இடப்பக்கம் பார்க்க, அளவுகோலுடன் படம் எடுத்துவிடுங்கள். பதப்படுத்த ஃபார்மலினில் போட்டபின் பொன்னும் சிவப்பும் போய்விடும். நிலை நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் எலும்பு முடியும் மடிப்பு வரை அளக்க வேண்டும்; வால் துடுப்பைச் சேர்க்கக் கூடாது. உடல் உயரம், தலை நீளம், கண் விட்டம் ஆகியவற்றை இந்த நீளத்தோடோ தலை நீளத்தோடோ விகிதமாகக் கொடுங்கள். வெறும் மில்லிமீட்டரை வைத்துச் சிறிய மீனைப் பெரிய மீனோடு ஒப்பிட முடியாது.

பக்கவாட்டுக்கோட்டின் செதில்களை அதே வால் மடிப்போடு நிறுத்துங்கள். ஸ்பாரஸ் அவுராட்டாவுக்கு இது 73 முதல் 85 வரை வரும். வலையில் உரசிச் செதில் உதிர்ந்திருந்தால் செதில் இருந்த பைகளை எண்ணலாம். இல்லாவிட்டால் மறுபக்கத்தை எண்ணி, அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

உங்கள் கரையில் கிடைக்கும் இதே குடும்ப மீனான ராப்டோசார்கஸ் சார்பாவின் துடுப்பு எண்ணிக்கை ஸ்பாரஸ் அவுராட்டாவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். செதில் வரிசை தோறும் ஓடும் பொன்கோடுகளையும் மஞ்சள் படிந்த இடுப்பு, குதத் துடுப்புகளையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் விவரிப்பைப் படிப்பவருக்கு எந்த மீன் என்று தெரியும்.