கத்தி வைப்பதற்கு முன்: ஓர் அறுவை மருத்துவரிடம் கேள்வி பதில்

கே: அறுவைக்கு முன் படிக்கும் சரிபார்ப்புப் பட்டியலால் உண்மையில் பயன் உண்டா?

ப: உண்டு, வாய் திறந்து படித்தால். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பட்டியலில் 19 அம்சங்கள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இதைச் செயல்படுத்திய பிறகு இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆனது.

கே: கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் பலன் இல்லையே?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அங்கே இறப்பு 0.71 விழுக்காட்டிலிருந்து 0.65, சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. நான் கை கழுவிக்கொண்டிருக்க, செவிலியர் சுவரைப் பார்த்துப் பட்டியலைப் படித்த நாட்கள் உண்டு. டிக் மட்டும் தவறாமல் விழுந்தது.

கே: பலன் வந்தால் பட்டியலுக்குப் பெருமை, வராவிட்டால் பயன்படுத்தியவருக்குப் பழியா?

ப: நியாயமான அடி. எட்டு நகர ஆய்வும் பட்டியலுக்கு முன்னும் பின்னும் பார்த்த ஒப்பீடுதான், இடையில் வேறு ஏதாவதும் மாறியிருக்கலாம், அதனால் அந்த 0.8 மீது சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நோய்த்தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போட்டாயிற்றா என்ற ஒரு வரிக்குத் தனியே ஆதாரம் இருக்கிறது. அதை யாராவது உரக்கக் கேட்க வேண்டும் அல்லவா?

கே: பட்டியல் நேரத்தை வீணாக்காதா?

ப: மேலே சொன்ன பதில்களை இன்னொரு முறை படியுங்கள்.

கே: என் தையல் சிவந்து வலிக்கிறது, என்ன மாத்திரை?

ப: என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அறுவை செய்தவரிடம் இன்றே காட்டுங்கள்.

கே: ரத்தம் ஒற்றும் பஞ்சுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் நோயாளியின் உடலுக்குள் எதுவும் இல்லை என்றுதானே பொருள்?

ப: இல்லை. பஞ்சு உள்ளே தங்கிப்போன பலரின் குறிப்பிலும் 'எண்ணிக்கை சரி' என்றே எழுதியிருந்தது. அவசர அறுவை, நடுவில் திட்டம் மாறிய அறுவை என்றால் கூடுதல் கவனம். மூடுவதற்கு முன் கையை விட்டுத் தேடுங்கள். டிக் தேடாது.

கே: சக மருத்துவரின் தவறை எழுதிக் கொடுப்பது காட்டிக்கொடுப்பது இல்லையா?

ப: முதலில் உங்களுடையதை எழுதுங்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், 1911 முதல் 1916 வரை தன் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரைக் கணக்கெடுத்து, 123 தவறுகளை அச்சிட்டே வெளியிட்டார். சக மருத்துவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. தரத்தை மேம்படுத்துவது அலுவலகக் குமாஸ்தாவின் வேலை என்று நினைப்பவர்களுக்கு இன்றும் பிடிக்காது.

கே: நான் பயிற்சி மருத்துவர். தலைமை மருத்துவர் தவறான பக்கத்தில் கத்தி வைக்கப் போகிறார் என்று தோன்றினால்?

ப: "நிறுத்துங்க சார்" என்று உரக்கச் சொல்லுங்கள். தோலில் போட்ட குறியையும் ஸ்கேனையும் ஒப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்தது தவறாக இருந்தால் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பட்டியலை யார் படிக்க வேண்டும், செவிலியரா?

ப: யார் வேண்டுமானாலும். மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.