எங்க எண்ணெய்க்கு எதுக்குங்க லைசென்ஸ்?

கேள்வி: எங்கள் தோப்புத் தேங்காயை உடைத்துக் காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்கிறோம். மிச்சத்தை ஊருக்குள் போசியில் அளந்து ஊற்றுகிறோம். லைசென்ஸ் இல்லாமல் விற்கக் கூடாது, லூஸாக ஊற்றவும் கூடாது என்கிறார்கள். நம்ம காய், நம்ம எண்ணெய், வாங்குகிறவங்களும் தெரிஞ்சேதான் வாங்கறாங்க. அரசாங்கத்துக்கு இதில் என்னங்க வேலை?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: வீட்டுச் செலவுக்கு ஆட்டினால் ஒரு வேலையும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உழவர் நிலத்தளவில் விளைவித்த பொருளையும் விட்டுவைத்திருக்கிறது (பிரிவு 18). ஆனால் எண்ணெயாக்கிக் காசு வாங்கினால் அது உணவுத் தொழில். சிறிய அளவுக்குப் பதிவு போதும். பெரிய அளவுக்குத்தான் உரிமம்.

லூஸ் விற்பனைத் தடைக்குக் காரணம் வேறு. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, உடல் வீங்கி ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. 2011 விதிகளிலும் அது தொடர்கிறது. பொதுநலன் கருதி, குறிப்பிட்ட எண்ணெய்க்குக் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்குத் தர மாநில அரசுக்கு இடமுண்டு. உங்களை அறிந்தவர் உங்களை நம்பலாம். எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாதே!

அதே சமயம், மூடிக்கு சீல் வைத்துவிட்டால் கொப்பரைப் பருப்பில் இருக்கும் பூசணம் போய்விடாது. ரீஃபைண்டு ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது பூசண நச்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அந்தக் கட்டமே கிடையாது. எனவே பொறுப்பு முழுக்க உங்கள் களத்தில்தான்.

நன்றாக முற்றிய காயை மட்டும் உடையுங்கள். தேங்காய் மூடியை வாய் மேல் நோக்கி அடுக்கி, இரண்டு மூன்று நாளில் பருப்பு தொட்டியை (சிரட்டையை) விட்டு விலகியதும் தோண்டி எடுத்து, மேலும் நான்கைந்து நாள் நல்ல வெயில் காட்டுங்கள். ராத்திரி தார்ப்பாய் கட்டாயம். பனி இறங்கினால் முதல் நாள் காய்ந்தது வீண். ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் ஒடித்துப் பாருங்கள்: வளைந்தால் பச்சை, 'சடக்'கென்று உடைந்தால் பதம். மஞ்சள்பச்சை, கறுப்புப் பூசணம் கண்டதைத் தூக்கிப் போடுங்கள். துடைத்துக் காயவைத்தாலும் நச்சு உள்ளே இருக்கும், அடுப்புச் சூட்டுக்கும் அசையாது. வெளியில் பருப்பு வாங்கினால் பளிச்சென்ற வெள்ளைக்கு மயங்காதீர்கள். அது கந்தகப் புகை காட்டிய வெள்ளையாக இருக்கலாம். வெயிலில் காய்ந்தது சற்றுப் பழுப்பேறியே இருக்கும்.

10 கிலோ பருப்புக்கு 6 கிலோவுக்கு முன்பின் எண்ணெய் வரும். இரண்டு நாள் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். மண்டியும் ஈரமும் கலந்தால் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும்.

கேள்வி: பூசணம் பிடித்த பருப்பை ஆட்டி, புண்ணாக்கை மட்டும் எருமைக்கு வைக்கலாமா? நாங்கள் சாப்பிடப் போவதில்லையே.
– வாசகி, தாராபுரம்

பதில்: வேண்டாமுங்க. பூசண நச்சில் பெரும்பங்கு தங்குவதே புண்ணாக்கில்தான். எருமை தின்றால் உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பால் உங்கள் வீட்டோடு நிற்காமல் சொசைட்டிக்குப் போய், யார் வீட்டுக் குழந்தைக்கோ சேரும்.