ஜெபம் வறண்டுபோன ஐந்தாம் மாதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் ஊழியத்துக்காக அயல்நாட்டுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மொழி இன்னும் நாவுக்குப் படியவில்லை. காலைத் தியான வேளையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரே வீட்டில் தங்கியிருக்கும் உடன் ஊழியருடன் தேவைக்கு மட்டுமே பேச்சு. அனுப்பிய சபைக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டிய அறிக்கையில் எழுத எதுவும் இல்லை. ஆகவே, அழைப்பையே தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் 23 வயதில் மிஷனரியாக வந்தவள்; ஊழியக் காலம் முடிந்த பிறகும் வந்த நாட்டிலேயே தங்கிவிட்டவள். 19 ஆண்டுகள் கழித்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அழைப்பு மெய்யானதா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்தாம் மாதம் அந்தக் கேள்விக்கு விடை காணும் காலமன்று என்பதை உறுதியாகச் சொல்வேன். நீங்கள் இழந்திருப்பது விசுவாசத்தை அல்ல, விசுவாசம் இதுவரை குடியிருந்த இடங்களை. சொந்த சபையில் ஞாயிறு பள்ளி நடத்தினீர்கள், பாடல் குழுவில் நின்றீர்கள், யாருக்காவது துக்கம் நேர்ந்தால் ஜெபிக்க உங்களைத்தான் அழைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் பத்துப் பேருடைய முகம், நீங்கள் பயனுள்ளவர் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. இங்கே அந்த முகங்கள் இல்லை. பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைக்கூடச் சரியாகக் கேட்கத் தெரியாத ஒருத்தியாகக் கர்த்தருக்கு முன் உட்காரும்போது, வாய் அடைத்துப்போவதில் வியப்பில்லை.

இதில் ஒரு பகுதி ஆவிக்குரியதே அல்ல. கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர், அயல்நாட்டில் வாழப் போகிறவர்களுக்கு நேரும் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதி, 1960இல் வெளியான கட்டுரையில் அதன் அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறார்: ஓயாமல் கை கழுவுதல், சிறு தாமதத்துக்கும் அடங்காத கோபம், அந்த நாட்டின் மொழியைக் கற்க மறுக்கும் மனம், சொந்த ஊர் திரும்பும் தீராத ஏக்கம். முதல் சில வாரங்கள் எல்லாம் அழகாகத் தெரியும், பிறகுதான் இது வந்து தாக்கும் என்கிறார். நான் அதை வாசித்தது வந்த இரண்டாம் ஆண்டில். என்னை நானே பாவி என்று கடிந்துகொண்ட பல விஷயங்கள் வெறும் களைப்பு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் வறட்சியின் வேர் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1706 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24தான். அவரும் உங்களைப் போன்ற ஓர் இளம் மிஷனரி. அவர் தமிழ் கற்கத் தொடங்கியது பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதித்தான். இறையியல் படித்த ஒருவர், போதிக்க அனுப்பப்பட்ட ஒருவர், முதலில் மாணவராக உட்கார்ந்தார். தமிழில் அச்சான புதிய ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது. நீங்கள் மொழி வகுப்பை ஊழியத்துக்கு முந்தைய தயாரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பே இப்போதைக்கு உங்கள் ஊழியம். ஒருவருடைய மொழியைப் பொறுமையாகக் கற்பது, அவரைக் கனப்படுத்தும் செயல். உங்கள் தவறான உச்சரிப்பைத் திருத்தும் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் உங்களுக்குக் கொடுப்பவராகிறார், நீங்கள் பெற்றுக்கொள்பவராகிறீர்கள். கொடுக்கவே வந்தோம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இது மிகவும் கடினம். எனக்கும் கடினமாகத்தான் இருந்தது.

ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். அங்கே முதல் வங்காள விசுவாசியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவின் ரங்கூன் சேர்ந்தார். முதல் ஞானஸ்நானம் 1819இல். மிஷனரி கூட்டங்களில் நாம் இவற்றைச் சொல்லும்போது, வந்தார் என்பதற்கும் முதல் ஆத்துமாவைக் கண்டார் என்பதற்கும் நடுவே ஒரு மூச்சுதான் விடுகிறோம். அந்த மூச்சுக்குள் ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன. கேரியின் ஐந்து வயது மகனின் மரணமும், மனைவி டாரதியின் மனநோயும் அதற்குள்தான் இருக்கின்றன. கனி தாமதிக்கலாம் என்று ஆறுதல் சொல்வதற்காக மட்டும் இதை நான் எழுதவில்லை. டாரதியைப் போல, உடன் வந்தவர் நொறுங்கிப்போவதை ஊழியத்தின் விலை என்று எண்ணிக் கடந்துபோகக் கூடாது என்பதற்காகவும் எழுதுகிறேன்.

என் முதல் ஆண்டின் எட்டாம் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி, படிக்கட்டில் என்னைக் காணும்போதெல்லாம் நிறுத்தி, நான் தவறாகச் சொன்ன சொல்லை மறுபடி சொல்ல வைப்பார். பழைய கடித உறைகளின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் சொற்களை எழுதிக் கொடுப்பார். அவற்றை என் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அவருக்கு அறுவை சிகிச்சை என்று தெரிந்த அன்று மருத்துவமனைக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஜெபிக்கிறவள்தானே, ஜெபி என்றார். தமிழில் நான் அரை மணி நேரம் கண்ணீரோடு ஜெபிக்கக்கூடியவள். அவருடைய மொழியில் எனக்கு வந்தது இவ்வளவுதான்: 'ஆண்டவரே, இவர் பயப்படுகிறார். அருகில் இரும்.' அதிலும் ஒரு வினைச்சொல் தவறு. அவர் கண்களை மூடியபடியே அந்தச் சொல்லைத் திருத்தினார். நான் திருத்திச் சொன்னேன். பிறகு அவர் ஆமென் என்றார். அதுவரை நான் செய்த ஜெபங்களில் எத்தனை சொற்கள் எனக்காகவே சொல்லப்பட்டவை என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மறுநாள் காலையிலிருந்து என் தியான வேளை சிறியதாயிற்று, ஆனால் வறண்டதாக இல்லை.

ஆகையால் இப்போதைக்குப் பெரிய ஒழுங்கு எதையும் உங்கள்மேல் சுமத்திக்கொள்ளாதீர்கள். காலையில் ஒரு சங்கீதத்தைத் தமிழில் சத்தமாக வாசியுங்கள். தாய்மொழியில் உங்கள் குரலையே கேட்பதில் ஒரு பலன் இருக்கிறது. பிறகு அதே சங்கீதத்தின் இரண்டு வசனங்களை அந்த நாட்டு மொழியில் வாசியுங்கள். ஜெபிக்க வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே சொல்லுங்கள். இரவில் தூங்குங்கள். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது கடிந்துரை அல்ல. அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான், அதுவும் இரண்டு முறை. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு எடுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

உடன் ஊழியரைப் பற்றி: ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்பதை நாம் இனிமையாகப் பிரசங்கிக்கிறோம், அந்த இரண்டு பேரில் யார் பாத்திரம் கழுவுவது என்பதில்தான் சண்டை வரும். பவுலும் பர்னபாவும்கூட மாற்குவை உடன் அழைத்துப்போகும் காரியத்தில் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். அதே மாற்குவைத் தன் இறுதிக் காலத்தில் பவுல் பயனுள்ளவன் என்று எழுதி வரவழைத்தார். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து, செலவு, சுத்தம், சத்தம், விருந்தாளிகள் ஆகிய நான்கையும் பேசிவிடுங்கள். ஜெபத்தில் தொடங்கலாம், ஆனால் பேச வேண்டியதை ஜெபத்துக்குள் மறைத்துச் சொல்லக் கூடாது. இது சாதாரண உரசலைப் பற்றிய ஆலோசனை மட்டுமே. மிரட்டலோ, அத்துமீறலோ, உங்கள் பாஸ்போர்ட்டைப் பிறர் வாங்கி வைத்துக்கொள்வதோ நடந்தால், அது பொறுத்துப்போக வேண்டிய சிலுவை அல்ல. நம்பகமான வெளியாள் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். விசாவில் எந்தப் பணி அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குள் நின்று பணிசெய்வதும் நம் சாட்சியின் ஒரு பகுதியே.

அறிக்கையை நினைத்துத்தான் நீங்கள் மிகவும் அஞ்சுகிறீர்கள் என்று தோன்றுகிறது. என் நான்காவது அறிக்கையில், ஒருமுறை கதவருகே நின்று பேசிய ஒரு பெண்ணை 'சத்தியத்தைத் தேடும் ஆத்துமா' என்று எழுதிவிட்டேன். சபையார் அவருக்காக உபவாசித்து ஜெபித்தார்கள். அவர் என்னிடம் கேட்டதோ தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண். அதை ஒப்புக்கொண்டு மறு கடிதம் எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. எழுதியபோது போதகர் கோபிக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். அந்த நாட்டு மக்களின் படத்தையோ துயரத்தையோ அவர்கள் அனுமதியில்லாமல் அனுப்பாதீர்கள்; அந்தக் கடிதத்தை அவர்களே வாசிக்க நேர்ந்தாலும் வெட்கப்படாதபடி எழுதுங்கள். உதவி செய்தால் உதவியாகவே செய்யுங்கள். அதற்கு ஈடாக யாரும் ஆராதனைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டு நினைவு வருவதை பலவீனம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவுக்கு வந்த மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் தம் தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை வெட்டியெடுத்து, கூடவே அணிந்துகொண்டு திரிந்தவர். அம்மாவிடம் வாரந்தோறும் பேசுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். தினமும் மணிக்கணக்கில் பேசுவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். உடல் ஓரிடத்திலும் மனம் ஓரிடத்திலும் இருந்தால் இரண்டிலும் இளைப்பாறுதல் கிடைக்காது.

ஓராண்டு முழுமையாக முடியட்டும். அப்போதும் இதே கேள்வி இருந்தால், உங்களை அனுப்பியவர்களோடும் உங்களை நன்கு அறிந்த ஒருவரோடும் உட்கார்ந்து அதை நேராகப் பேசலாம், திரும்பிப் போவதும் அந்தப் பேச்சில் ஒரு வழியாக இருக்கலாம். இந்த மாத அறிக்கையை, 'மொழி வகுப்புக்குத் தவறாமல் போகிறேன், ஜெபம் கடினமாக இருக்கிறது' என்ற வரியோடு தொடங்கிப் பாருங்கள். அனுப்புவதற்கு முன் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தால் என்னை அழையுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள் அக்கா