இரு வழியிலும் ஒரே அரக்கன்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, முயற்சிகளின் பலனைப் பகடை உருட்டித் தீர்மானித்து ஆடும் கற்பனை உலக ஆட்டங்களைப் பற்றி வந்த கடிதங்களில், ஆட்டக்காரர்களுக்குத் தேர்வுரிமை தருவது குறித்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான்கு நண்பர்களுக்கு எட்டு மாதங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர்களை நிறுத்தி, காட்டு வழியா, மலை வழியா என்று கேட்டேன். அரை மணி நேரம் வாதாடிய பின் மலை வழியே போனார்கள். நான் தயார் செய்திருந்ததோ ஓர் அரக்கனோடு நடக்கும் சண்டை ஒன்றுதான். எந்த வழியில் போயிருந்தாலும் அவன்தான் எதிர்ப்பட்டிருப்பான். பிறகு பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். ஒரு நண்பருக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. நான் செய்தது ஏமாற்று வேலையா? — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்குள், அதாவது டி.எம்.களுக்குள், பல ஆண்டுகளாகத் தீராமல் இருக்கும் வழக்கு இது. இப்படி எங்கும் இருந்து எங்கும் இல்லாத அரக்கனுக்குக் ‘குவாண்டம் ஓகர்’ (ஓகர் என்றால் அரக்கன்) என்று பட்டப்பெயரே உண்டு. நானும் இவனைப் பலமுறை இடம் மாற்றி உலவ விட்டவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அரக்கனைவிட அந்தப் பாதைப் பிரிவுதான் எனக்கு உறுத்துகிறது. காட்டைப் பற்றியும் மலையைப் பற்றியும் நண்பர்களுக்கு ஒன்றுமே தெரியாதபோது, அந்த அரை மணி நேரமும் அவர்கள் எதை வைத்து வாதாடியிருக்க முடியும்? காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே பலன்தான். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காட்டு வழி இரண்டு நாளில் முடியும், ஆனால் அங்கிருந்து ஓடிவந்த விறகுவெட்டி ஒருவன், ஆளுயரத்துக்கு மேலே மரப்பட்டைகள் பிய்க்கப்பட்டிருந்ததாகச் சொல்கிறான். மலை வழிக்கு ஐந்து நாள் ஆகும், வழியில் சுங்கச்சாவடி இருக்கிறது, அங்குள்ள காவலர்கள் உங்கள் குழுவிலுள்ள திருடனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால், அதே அரை மணி நேரத்தில் அவர்கள் நாளையும் ஆபத்தையும் நண்பனின் தலையையும் எடைபோட்டுப் பார்த்திருப்பார்கள். விறகுவெட்டியின் பேச்சைக் கேட்டு ஐந்து நாள் நடக்கத் துணிந்தவர்கள் முன்னால் அதே அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது சந்தேகமில்லாமல் ஏமாற்று வேலைதான். அவர்கள் கேள்விப்பட்டிராத, தவிர்க்க முயலாத ஓர் அரக்கனை இரண்டு மாதம் கழித்து வேறொரு குகையில் பயன்படுத்திக்கொள்வதை நான் குற்றமாக எண்ணுவதில்லை. உழைத்துத் தயார் செய்ததைக் குப்பையில் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இதற்கு நேர்மாறான அரக்கன் ஒருவனும் இருக்கிறான். இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதி 1979இல் வெளிவந்த ‘தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்’ என்ற ஆட்டத் தொகுப்பில், ஒரே பள்ளத்தாக்கின் குகைகளில் ஒன்றோடொன்று பகைமையும் உறவும் கொண்ட பல கூட்டங்கள் குடியிருக்கின்றன. கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் குகைக்குப் பக்கத்துக் குகையில் ஓர் அரக்கன் வாழ்கிறான். ஆபத்து வந்தால் கோப்ளின்கள் இரகசியக் கதவு வழியாக ஒரு பை தங்கக்காசை அவனிடம் வீசுவார்கள்; அவன் காசை எடுத்துக்கொண்டு அவர்களுக்காகச் சண்டைக்கு வருவான். கூலிக்கு வருபவன் என்பது தெரிந்த கணத்திலேயே ஆட்டக்காரர்களுக்கு எத்தனை வழிகள் திறக்கின்றன என்று பாருங்கள்: அவனை முதலில் முடிக்கலாம், காசுப் பையைக் கைப்பற்றலாம், அதிகக் கூலி பேசி அவனைக் கோப்ளின்கள் மீதே திருப்பலாம். இவற்றில் எது நடக்கும் என்று டி.எம். முன்கூட்டி முடிவு செய்ய வேண்டியதே இல்லை. உங்கள் அரக்கனுக்கும் இப்படி ஓர் ஆசையையோ பகையையோ கொடுத்துப் பாருங்கள். வருத்தத்தில் இருக்கும் நண்பரிடம், அடுத்த முறை பாதை பிரிந்தால் இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேறுபட்டிருக்கும் என்று சொல்லி, அப்படியே செய்தும் காட்டினால் மனத்தாங்கல் தானாகத் தீரும்.

கேள்வி: இஷ்டப்படி போகலாம் என்று விட்டுவிட்டால் நான் தயார் செய்யாத இடத்துக்குத்தான் போகிறார்கள். வேலைக்குப் போகும் எனக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. எவ்வளவைத்தான் தயார் செய்வது? — ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்களுக்கு நேர்ந்ததுதான் இந்த ஆட்ட வகையின் தொடக்கத்திலேயே நேர்ந்தது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றைப் பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரில் அமைத்து, ஆட்டக்காரர்களுக்குப் படைகளோடு ஊர்த் தலைவர் போன்ற தனி மனிதப் பாத்திரங்களையும் பிரித்துக் கொடுத்தார். போர் தொடங்குவதற்குள் அவர்கள் தங்களுக்குள் பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட, விதியே எழுதப்படாத துவந்த யுத்தத்துக்கும் அவர் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டம் பாழாகிவிட்டது என்று அவர் நினைத்தார்; ஆடியவர்களோ இன்னொன்று எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் 1971இல் பிளாக்மூர் என்ற தமது கற்பனை உலக ஆட்டத்தைத் தொடங்கினார். அவரும் கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது.

ஆகவே காட்சிகளை வரிசையாக எழுதிவைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் நான்கைந்து பாத்திரங்களை மட்டும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எது வேண்டும், ஆட்டக்காரர்கள் குறுக்கிடாவிட்டால் அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் எந்தத் திசையில் போனாலும் இந்தத் தாள் உதவும். அதைவிட எளிய உபாயம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதாவது, அடுத்த வாரம் எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். சொன்ன சொல்லை அவர்கள் பெரும்பாலும் காப்பாற்றுவார்கள். உங்கள் இரண்டு மணி நேரமும் அந்த ஓர் இடத்துக்கே போதும்.

கேள்வி: என் குழுவினரோ எதைக் கேட்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, ‘எது சரி?’ என்று என்னையே கேட்கிறார்கள். என்ன செய்வது? — ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேர்வு என்ற சொல்லுக்கு நம்மிடையே பரீட்சை என்ற பொருளும் உண்டல்லவா? உங்கள் நண்பர்கள் அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் போலும். முந்தைய அமர்வுகளில் ஒரு விடைக்குப் பரிசும் மற்றொன்றுக்குத் தண்டனையும் கிடைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சரியான விடை இல்லாத ஒன்றைக் கொடுங்கள். விஷக்காய்ச்சல் பரவிய ஊரில் அவர்களிடம் ஒரே ஒரு குப்பி மருந்து இருக்கிறது. அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த சத்திரக்காரியின் மகன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். மருந்து காய்ச்சத் தெரிந்த ஒரே வைத்தியரும் அப்படியே கிடக்கிறார். யாருக்குக் கொடுத்தாலும் நியாயம் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது.

இதில் முக்கியமானது அடுத்த அமர்வு. வைத்தியரைக் காப்பாற்றியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்; ஆனால் சத்திரக்காரி அவர்களுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போகட்டும். நீங்களும் எதையும் விளக்காதீர்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் உங்களைப் பார்த்து ‘எது சரி?’ என்று கேட்பது குறைந்து, தங்களுக்குள்ளேயே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: கதைக்கு வேண்டிய இடத்தில் பகடை தவறாக விழுந்தால், ஆட்டக்காரர்கள் பார்க்காதபடி டி.எம். வைத்துக்கொள்ளும் தடுப்பட்டைக்குப் பின்னால் எண்ணை மாற்றிச் சொல்லலாமா? — ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: மாற்றத் தோன்றும் இடத்தில் பகடையையே கேட்காதீர்கள். கதவு திறந்தே ஆக வேண்டும் என்றால் திறந்துவிடட்டும். எவ்வளவு சத்தம் எழுகிறது, உள்ளிருப்பவர் விழித்துக்கொள்கிறாரா என்பதற்கு உருட்டச் சொல்லுங்கள். அதையும் உருட்டுவதற்கு முன்பே, தவறினால் என்ன ஆகும் என்று மேசையில் உரக்கச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின் கதவை விட்டு ஜன்னலைத் தேடுவதா, துணிந்து உருட்டுவதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.